வட்ட முத்திரை, வாசிக்க முடியாதது

வரிக்கு இவ்வளவு என்று கூலி எனக்கு.
ஐம்பத்தைந்து எழுத்து ஒரு வரி.
இடைவெளியும் எழுத்துத்தான் அவர்கள் கணக்கில்.
நீதிமன்றில் வலக்கை தூக்கிச் சத்தியம் செய்தவன்:
இருப்பதை விடமாட்டேன்,
இல்லாததைச் சேர்க்கமாட்டேன்.
முத்திரை அழிந்திருந்தால்
அழிந்திருக்கிறது என்று எழுதுவேன்.
மூலையில் தேநீர்க் கறை இருந்தால்
அதையும்.

மாசி மாதம்.
பார்மன் நகரமண்டபத்துக்குப் பின்தெருவில் என் அறை.
யாழரசி வந்தாள்,
பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு.
பிளாஸ்டிக் உறைக்குள் அவளது பிறப்புப் பத்திரம்,
உறைக்குள் இன்னோர் உறை.
பிள்ளைக்கு ஏழு மாதம்.
நகரமண்டபம் கொடுத்த தாளில் அடிக்குறிப்பு:
தாயின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை.
"அப்ப ஆர் அண்ணை பெத்தது?" என்றாள்.
சிரிக்கத்தான் கேட்டாள்.
சிரித்தேன்.

முதலாம் கூடு: பிறந்த திகதியும் இடமும்.
தொண்ணூற்றைந்து, மார்கழி பதினொன்று.
அக்கராயன், பாடசாலைக் கட்டிடம்.
ஃபிராவ் ஹோல்ட்காம்ப் தொலைபேசியில் வந்தார்:
பாடசாலையா? மொழிபெயர்ப்பில் பிழையோ?
பிழை இல்லை, என்றேன்.
அந்த மாரியில் அங்கே
சமையல், சாவு, பேறு எல்லாமே
பாடசாலைகளில்தான் என்று சொல்லியிருக்கலாம்.
கூட்டில் அது இல்லை.
சொல்லவில்லை.

பிறகு பெயர்.
கடவுச்சீட்டில் இருப்பது
கொழும்பில் எவரோ காதால் கேட்டு எழுதியது.
இங்கே நியமம் வேறு:
ழகரத்துக்கு எல் போட்டு அடியில் ஒரு கோடு,
ஆகாரத்துக்குத் தலையில் ஒரு கோடு,
சகரத்துக்கு ஒரு சீ.
அந்தச் சீயை ஜெர்மன் நாக்கு வாசித்தால்
யாழரசி, யாலரட்ஸி.
இரண்டு பெயர், ஆகவே இரண்டு ஆட்கள்.
இருவரும் ஒருத்திதான் என்று
மூன்றாவதாக ஒரு கடிதம் வேண்டும்.

பத்திரம் கொழும்புத் தூதரகத்துக்குப் போனது.
முன்பணம் நானூற்றைம்பது யூரோ.
தவணை: சொல்வதற்கில்லை.
வுப்பர் ஆற்றின் மேல்
தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ரயில் போனது.
இந்த ஊரில் தொங்கலில் விட்டதும்
நேரத்துக்குப் போய்ச் சேரும் என்றேன்.
ஆறுதலுக்குத்தான்.

ஐப்பசியில் வந்தது அறிக்கை.
தூதரகத்தின் சட்டத்தரணி
அக்கராயன் வரை போயிருக்கிறார்.
கட்டிடம் இல்லை.
பதிவேடு இருக்கிறது.
தகவல் தந்தவர் என்ற கூட்டில் இருந்த ஆளும் இருக்கிறார்:
சூசைப்பிள்ளை சிங்கராயர்,
சைக்கிள் திருத்துபவர்.
உறவுமுறை: இல்லை.
தகைமை: பிறப்பின்போது சமுகமாயிருந்தவர்.
அவர் தமிழில் சொன்னது ஆங்கிலமாகி, ஜெர்மனாகி,
இரண்டே வாக்கியமாய் என் மேசைக்கு வந்தது.
சாட்சிக்குக் குழந்தை ஞாபகமில்லை, மழை ஞாபகம்.
கரும்பலகையைக் கழற்றி, விடியும்வரை
நீர்க்கசிவுக்குக் குறுக்கே பிடித்திருந்ததாகக் கூறுகிறார்.

இதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.
யாழரசிக்கு ஜெர்மன்
என்னைவிட நன்றாக வரும்.
இருந்தும் தமிழில் திருப்பிச் சொன்னேன், அவள் கேட்க.
நீர்க்கசிவு என்று சொல்ல வாய் வரவில்லை.
ஒழுக்கு என்றேன்.
கூரை ஒழுக்கு.
கூரை என்ற சொல் அறிக்கையில் எங்குமே இல்லை,
சத்தியத்துக்கு மாறாக நான் வேய்ந்தது.
"அம்மா இதைச் சொல்லவேயில்லை."
அம்மா அண்ணாந்து பார்க்கிற நிலையில் இருந்திருக்கமாட்டா,
என்றேன்.

பிள்ளை இப்போது நடக்கிறாள்.
மேசை விளிம்பைப் பிடித்துப் பிடித்து வந்து,
பிஸ்கட் ஊறிய கையை
முத்திரை காயாத இறுதிப் பிரதியில் வைத்தாள்.
நீல மை ஓரமாய் இழுபட்டது.
ஹோல்ட்காம்ப் இதை ஏற்கமாட்டார்.
வேறு தாள் அச்சிட்டேன்,
வேறு முத்திரை.
கெட்டுப்போன தாளில், பழக்கதோஷம்,
பென்சிலால் எழுதிவிட்டிருந்தேன்:
வட்ட முத்திரை, வாசிக்க முடியாதது.
மேலே கைத்தடம், சிறிது.

அதை எடுத்து
உள் உறைக்குள் வைத்தாள் யாழரசி.
"இதுக்கு எவ்வளவு அண்ணை?"
எண்ணிப் பார்த்தேன்.
ஒரு வரிக்குச் சில எழுத்துக் குறைகிறது.